மலைக்குப் போகச் சொன்னவர்களுக்கு

சபையாருக்கு ஸ்தோத்திரம். சபைக்கு வெளியே இருந்து எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்பேட்டையில் யாரும் என்னைப் பெயர் சொல்லி விசாரித்ததில்லை. 'கொலுசுப் பட்டறைக்காரர் மகன்' என்றால் போதும். கம்பி இழுப்பது, சலங்கை பற்றவைப்பது, மெருகு போடுவது எல்லாம் அப்பாவிடம் கற்றது. அவர் காலமானபின் பங்கு பிரிப்பதில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் முதல் போட முடியாமல் பட்டறையும் மூடிப்போனது. அதன்பிறகு நான் யார் என்று சொல்லிக்கொள்ள எனக்கே ஒன்றும் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நன்றி ஆயர் ஐயாவுக்கு. வேலைக்காக ஜெபிக்கச் சொல்லிப் போனேன். ஜெபித்தார். அப்புறம் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து 23, 24 வசனங்களை என்னையே வாசிக்கச் சொன்னார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்லும் இடம். "எனக்கு அண்ணன் மேல நிறைய குறை இருக்குங்க ஐயா" என்றேன். "அண்ணனுக்கு உங்க மேல குறை இருக்கான்னுதான் வசனம் கேக்குது தம்பி" என்றார்.

மனசு இளகட்டும், போகலாம் என்றிருந்தேன். இளகவில்லை. ஆண்டவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மட்டுமே, அண்ணன் இருக்கும் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இறங்கிவிடலாமா என்றிருந்தது. காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு. கதவைத் திறந்தது அண்ணி. பேச்சில்லாமல் போன வருஷங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாங்க தம்பி, மொதல்ல சாப்பிடுங்க" என்றார். அண்ணி, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

அண்ணன் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார், கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தவர், டீக்கடைக்காரரிடம் "என் தம்பி" என்றார்.

'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன். நீ என்னுடையவன்' என்ற ஏசாயா 43:1 ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம். அது எனக்குச் சொன்ன வார்த்தை என்று நம்ப முடிந்தது அன்றைக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதெல்லாம் பிடிபடாதது, ஆண்டவர் சொன்னதைச் செய்தபோது பிடிபட்டது. நான் அவருடையவன். பட்டறை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களே, கைச்செலவுக்குத் திண்டாடிய நாட்களில் யார் கொடுத்தது என்றே தெரியாமல் எங்கள் வீட்டுக்கு அரிசி வந்தது. உங்களுக்கு நன்றி. சேலம் குகைப் பகுதியில் பட்டறை வைத்திருப்பவருக்கும் நன்றி. அவர் முருக பக்தர், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர். கேட்காமலே எனக்கு வேலை கொடுத்தார். "ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போயிட்டே வா" என்றும் அவரேதான் சொன்னார்.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அண்ணன் குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி வருகிறார். சபையின் காணிக்கை ஏலத்தில் வைக்க மிளகு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். சபையார் எல்லாரும் அவர்களை வந்து பாருங்கள், பேசுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்,
செவ்வாய்பேட்டை, சேலம்