ஒற்றை சிகரெட் விற்பனையை நிறுத்துங்கள்

ஆசிரியருக்கு,

பள்ளி மாணவர்களின் புகைப்பழக்கம் பற்றிய உங்கள் கட்டுரை ‘சேர்க்கை சரியில்லை’ என்பதோடு நின்றுவிட்டது. அந்தச் சேர்க்கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் பாக்கெட் வாங்குவதில்லை. அவ்வளவு காசும் இல்லை, வீட்டில் ஒளித்துவைக்க இடமும் இல்லை. நாலு பேர் சில்லறை போட்டு ஒன்று வாங்கி, பெட்டிக்கடைக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு இழுப்பு. முதல் தடவை இருமலும் குமட்டலும்தான். அதைத் தாங்கவைப்பது பக்கத்தில் நிற்கும் மூன்று பேர். யாரும் வற்புறுத்துவதில்லை, வேண்டாம் என்றால் ‘இவன் சின்னப் பையன்டா’ என்று ஒரு சிரிப்பு. அந்த வயதில் புற்றுநோயைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் பயம் அதிகம். காலை பிரேயரில் நுரையீரல் படம் காட்டிப் பேசுவது காதில் ஏறாததற்கு இதுதான் காரணம்.

‘எல்லாரும் அடிக்கிறாங்க சார்’ என்பார்கள். 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் ஏதாவதொரு புகையிலையைப் பயன்படுத்துவோர் 8.5 சதவீதம்; பையன்களில் 9.6. பத்தில் ஒன்பது பேர் தொடுவதில்லை. வகுப்பில் முதலில் சொல்லவேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

பரீட்சை நேரத்தில் ‘டென்ஷன் குறையுது’ என்பதும் பாதிதான் உண்மை. இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும்; சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். அது இறங்க இறங்க எரிச்சல் வரும், படிப்பில் மனம் நிற்காது. அடுத்த சிகரெட் அடக்குவது அந்த எரிச்சலைத்தான். கணக்குப் பரீட்சை அப்படியேதான் இருக்கிறது.

பிடிபட்டவனுக்கு டி.சி. கொடுப்பது, புகைக்காத நண்பர்களிடமிருந்து அவனைப் பிரித்து அனுப்புவதற்குச் சமம். அதற்குப் பதில், நீட்டும்போது என்ன சொல்லி நழுவுவது என்று பழக்கலாம். ‘கோச் மோப்பம் பிடிச்சிருவாருடா’ போதும்; நீளமாக விளக்கினால் கிண்டல்தான் மிஞ்சும். விட நினைப்பவனுக்கு ஏக்கம் ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும். முதல் வாரம்தான் கடினம்.

பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம், அதோடு 1800-11-2356 என்ற இலவச உதவி எண். ஒற்றையாக வாங்கும் பையன் இரண்டையும் பார்ப்பதே இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டா? சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவில், சிறாருக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பள்ளி வாசல் கடைகள் மீது காவல்துறை இந்தப் பிரிவைப் பயன்படுத்தட்டும். மகாராஷ்டிரம் 2020இல் ஒற்றை சிகரெட், பீடி விற்பனைக்குத் தடை போட்டது. நம் அரசும் அதே உத்தரவைப் போட்டு, பள்ளிச் சுற்றுவட்டாரக் கடைகளிலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.

– பள்ளி மனநல ஆலோசகர், மதுரை