உஞ்சவிருத்தியும் பிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவையாறு தியாகராஜ ஆராதனை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், 'உஞ்சவிருத்தி' என்ற சொல்லுக்குப் 'பிச்சையெடுத்தல்' என்று பொருள் தரப்பட்டிருந்தது. தியாகராஜர் (1767–1847) வீதிதோறும் பாடிச் சென்று, இல்லத்தார் இட்ட அரிசியைக் கொண்டு வாழ்ந்தார் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆயினும் அச்சொல் பிறந்தது அறுவடை முடிந்த வயலில்.

'உஞ்சம்' என்னும் வடசொல்லுக்குச் சிந்திக் கிடக்கும் தானியத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குதல் என்று பொருள். 'விருத்தி' என்பது பிழைப்பு. மணியாக எடுத்தால் உஞ்சம், கதிராக எடுத்தால் சிலம் என்று நிகண்டு நூலார் நுட்பமாகப் பிரித்தும் வைத்திருக்கின்றனர். வயலுக்கு உரியவர் அறுத்துக் கட்டிக் களத்துக்குக் கொண்டு சென்றபின் எஞ்சியதையே எடுப்பதால், இதில் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. மனுநூலின் 4-ஆம் அத்தியாயம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கிறது: பொறுக்கி உண்பது 'ருதம்', அதாவது வாய்மை; கேளாமல் வருவது 'அமிர்தம்'; இரந்து பெறுவது 'மிருதம்', அதாவது இறந்தது. உழவை அதற்கும் கீழே 'பிரமிருதம்' என்று வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. உழுபவன் இல்லையென்றால் பொறுக்குபவனுக்கு மணி ஏது?

மகாபாரதத்தின் அசுவமேதிக பருவத்தில், தருமரின் வேள்விச் சாலைக்கு வந்து அதை எள்ளிய பாதி பொன்னுடல் கீரியின் கதை பலரும் அறிந்ததே. அக்கீரி போற்றிய குருக்ஷேத்திரத்து ஏழை அந்தணர், புறாவைப் போல் மணி பொறுக்கி உண்டவர். பஞ்ச காலத்தில் கிடைத்த சிறிதளவு மாவையும் அவரும் மனைவியும் மகனும் மருமகளும் தத்தம் பங்காக விருந்தினருக்கு அளித்துவிட்டனர். அவரது வாழ்வை மூலம் குறிப்பது 'உஞ்சவிருத்தி' என்ற சொல்லாலேயே.

வயலில் மணி மணியாகச் சேர்ந்தது, பாகவதர் மரபில் வீடு வீடாகப் பிடி அரிசியாகச் சேர்ந்தபோது, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது என்று கொள்வதே பொருத்தம். அங்கும் பாகவதர் பாடிக்கொண்டே செல்வாரே தவிர, 'இடுங்கள்' என்று கேட்பதில்லை. ஆராதனை நாளின் காலையில் இன்றும் நடைபெறும் உஞ்சவிருத்தி ஊர்வலத்தைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

தமிழில் இதற்கு நேரான வழக்கு 'கதிர் பொறுக்குதல்'. தமிழ் விவிலியத்தில் போவாஸ் என்பவரின் வயலில் ரூத் என்னும் அயல்நாட்டு ஏழைக் கைம்பெண் செய்ததும் அதுவே. அறுக்கும்போது சிந்திய கதிர்களை எளியவர்க்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுவதால், அவள் எடுத்தது அவளுக்குரிய பங்கு. 'பொறுக்கி' என்பது நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டதால் இந்த வழக்கை எழுதத் தயங்குகிறோம் போலும். ஆனால் 'பொறுக்கி எடுத்த முத்து' என்று சொல்வதும் அதே வினையைக் கொண்டுதானே!

அடுத்த ஆண்டு ஆராதனைச் செய்தியில் அச்சொல்லுக்குப் பொருள் தர நேர்ந்தால், 'சிந்திய மணி பொறுக்கி வாழ்தல். பின்னாளில், பாடிச் சென்று அரிசி பெறுதல்' என வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.