முழங்கையை மட்டும் கட்டாதீர்கள்: பெங்களூரு கட்டு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களே, வணக்கம்.

நான் பெங்களூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். கையும் விரலும்தான் என் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகோ கட்டுப் பிரித்த பிறகோ விறைத்துப்போன விரல்களை மடக்கவும் நீட்டவும் பழக்குகிறேன். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம், நீலசந்திரா என்று நம் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடங்களிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் முதலில் உங்களிடம் வந்தவர்கள். அதனால்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் நேரே உங்களுக்கு எழுதுகிறேன்.

கட்டுப் போடுவதையே நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை விழுந்து முழங்கை வீங்கி வந்தால், இழுக்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவாதீர்கள், கட்டாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் அன்றைக்கே, எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

மக்கள் உங்களைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் வரிசை, ஒரு நாள் கூலி போகும், கம்பி வைப்பார்கள் என்ற பயம், யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாத திகைப்பு. உங்களிடம் வந்தால் உட்காரவைத்து, தமிழில் பேசி, கையைத் தொட்டுப் பார்த்து, பத்து நிமிடத்தில் கட்டி அனுப்புகிறீர்கள். ஆந்திராவின் புத்தூர் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் போடும் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பட்டையும் வைத்த கட்டின் பெயர், இங்கே எத்தனையோ கடைப் பலகைகளில் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் தாத்தா காலத்திலிருந்து வருகிறார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். பிள்ளைகளின் எலும்பு கூடுகிற வேகம் உங்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறது. காறை எலும்பு உடைந்த சிறு பிள்ளைக்குக் கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தாங்கவிட்டாலே மூன்று நான்கு வாரத்தில் கூடிவிடும். மணிக்கட்டுக்கு மேலே லேசாக நசுங்கிய எலும்பும் அப்படித்தான். அங்கெல்லாம் கட்டு அசையாமல் பிடித்துக்கொள்கிறது, உடம்பு மிச்சத்தைச் செய்துகொள்கிறது.

முழங்கை அப்படி இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளை கையை ஊன்றி விழும்போது மேற்கை எலும்பு, முழங்கைக்குச் சற்று மேலே, தட்டையாகவும் மெலிசாகவும் இருக்கும் இடத்தில் முறிகிறது. பிள்ளைகளுக்கு முழங்கையில் வரும் முறிவுகளில் இதுதான் அதிகம். 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் மிகவும் சகஜம். மாடிப்படி, நிறுத்தி வைத்த சரக்கு ஆட்டோ, பட்டம் விடும் மொட்டை மாடி என்று விழுவதற்கு இடமா இல்லை? எலும்பு விலகினால் மேல்துண்டின் கூர்முனை முன்பக்கம் குத்திக்கொண்டு நிற்கும். அதே இடத்தில்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும், விரல்களை இயக்கும் நரம்பும் ஓடுகின்றன. இழுத்து நேராக்கப் பார்க்கும்போது அந்தக் குழாயோ நரம்போ இரண்டு துண்டுகளுக்கு இடையில் மாட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து எவ்வளவு அனுபவமுள்ள விரலாலும் இதைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. வீக்கம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

கோணலாகக் கூடினாலும் வளர வளரச் சரியாகிவிடும் என்று பெற்றோருக்குச் சொல்வதுண்டு. தோளுக்குப் பக்கத்தில் முறிந்தால் அது பெருமளவு உண்மை, ஏனென்றால் மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள்பக்க முனையில் நடக்கிறது. முழங்கைப் பக்கம் நடப்பது சுமார் 20 சதவீதம்தான். அங்கே உள்பக்கம் சாய்ந்து கூடிய கை சாய்ந்தபடியேதான் வளரும்.

கோணல் கையாவது கை. எனக்குத் தூக்கம் கெடுப்பது அடுத்த விஷயம்.

முன்கையின் தசைகளைச் சுற்றி இறுக்கமான உறை ஒன்று இருக்கிறது. அது விரிந்து கொடுக்காது. முறிவால் உள்ளே ரத்தமும் நீரும் சேர்ந்து வீங்கும்போது அழுத்தம் ஏறுகிறது. அதற்கு மேல் நாம் சுற்றிலும் துணியும் பட்டையும் வைத்து இறுக்கினால் வீக்கத்துக்குப் போக்கிடமே இல்லை. நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. சுமார் 6 மணி நேரம் ரத்தம் கிடைக்காவிட்டால் தசை செத்துப்போகத் தொடங்குகிறது. செத்த தசை தழும்பாகிச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜெர்மனி சர்ஜன் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881இலேயே, இறுக்கமான கட்டுக்குப் பிறகு இப்படி ஆவதை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறோம்.

என்னிடம் வந்த ஒரு ஏழு வயதுப் பையன் இதே மாதிரி கட்டப்பட்டவன். யாருடைய கடை என்று எழுதப் போவதில்லை. ராத்திரியெல்லாம் அழுதானாம். எலும்பு கூடும்போது வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் மரத்துப் போயிருந்தன. இப்போது மணிக்கட்டைக் கீழே மடக்கினால்தான் அவன் விரல்கள் நீள்கின்றன, மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் சுருண்டுகொள்கின்றன. வலது கைப் பழக்கமுள்ள பிள்ளை, இடது கையால் எழுதப் பழகுகிறான். தசைநாணை நீட்டவும் தசையை இடம் மாற்றவும் ஆபரேஷன்கள் உண்டு, நாங்கள் ராத்திரிக்கு ஸ்ப்ளிண்ட் (கையைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) மாட்டி நீட்டிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் எது செய்தாலும் பழைய கை முழுதாகத் திரும்பி வராது.

ஆகவே ஐயா, அந்த வலியைத் தயவுசெய்து நம்புங்கள். நல்ல கட்டு வலியைக் குறைக்கும். கட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போனால், யாராவது மெதுவாக விரலை நீட்டும்போது பிள்ளை அலறினால், விரல் வெளுத்தோ மரத்தோ சில்லிட்டோ போனால், அது ஆபத்து. நாடி துடிக்கிறதே என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது. உள்ளே தசை சாகும்போதும் மணிக்கட்டில் நாடி கிடைக்கும், அது நிற்பது கடைசியில்தான். பெரியவரோ பிள்ளையோ, கையோ காலோ, நீங்கள் கட்டி அனுப்பும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுங்கள்: இப்படி ஆனால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள், வீட்டிலேயே கத்தரிக்கோலால் கட்டை முழுக்க வெட்டிவிட்டு எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று கேட்டால், பெரிதாகக் கிழிக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே எலும்பைச் சேர்த்து, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் அவற்றை உருவிவிடுவார்கள். பெற்றோர் பயப்படுவதுபோல் காலம் முழுக்க உள்ளே இரும்பு இருக்காது. இதை உங்கள் வாயால் கேட்டால் அவர்கள் நம்புவார்கள். நான் சொன்னால் பாதிதான் நம்புகிறார்கள்.

எக்ஸ்ரேயை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், முழங்கையின் வெளிப்பக்கக் குமிழ் உடைவது இன்னொரு ஏமாற்று முறிவு. வீக்கம் குறைவாக இருக்கும், பிள்ளையும் சில நாளில் விளையாடப் போய்விடும். அந்தத் துண்டு கூடாமல் நின்றுவிட்டால் கை வெளிப்பக்கம் சாயும். பல வருடம் கழித்து சுண்டுவிரல் பக்கம் மரத்து, பிடி தளரும். சிறு பிள்ளையின் முழங்கையில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் படத்தைப் பார்த்தும்கூட டாக்டர்களே தடுமாறும் இடம் இது.

உங்கள் தொழிலை நான் தாழ்வாக நினைக்கவில்லை. எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ் வேல்ஸ் நாட்டில் கட்டு வைத்தியர் குடும்பத்தில் 1834இல் பிறந்தவர். அவர் அப்பா எவன் தாமஸ் லிவர்பூலில் எலும்பு கட்டியவர். டாக்டர்கள் அவர்மேல் வழக்குப் போட்டுத் தொல்லை கொடுத்தார்கள். அவர் தன் ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். அவர்களில் ஒருவரான ஹியூ செய்த தாமஸ் ஸ்ப்ளிண்ட் என்ற கால் தாங்கி முதல் உலகப்போரில் தொடை எலும்பு உடைந்த சிப்பாய்கள் ஏராளமானோரைக் காப்பாற்றியது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது நர்சிங்கோ பிசியோதெரபியோ படித்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை.

அனுப்பும்போது செய்யவேண்டியது சுலபம். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே, மடக்காமல் நீட்டாமல், அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் தளர்வாகத் தாங்கல் கொடுங்கள். சாப்பிடக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்கவேண்டும். அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். கைக்குப் போகும் முக்கியமான மூன்று நரம்புகளும் வேலை செய்கின்றனவா என்பதை இந்த விளையாட்டே சொல்லிவிடும். எது முடியவில்லையோ அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. சிவாஜிநகரில் பௌரிங் ஆஸ்பத்திரி, மார்க்கெட் பக்கம் விக்டோரியா, ஜெயநகரில் சஞ்சய் காந்தி எலும்பு ஆஸ்பத்திரி, எல்லாம் அரசாங்கத்தைச் சேர்ந்தவை. பி.பி.எல். கார்டு (வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கான ரேஷன் கார்டு) இருந்தால் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

சரி, முழங்கையைத் தாண்டி ஒன்று மட்டும். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்குப் பக்கத்தில் வீக்கம், ராத்திரியில் வலி, பெரிதாக அடிபட்ட ஞாபகம் இல்லை என்றால் நீவவே கூடாது. எலும்புப் புற்றுநோய் அந்த வயதில் அந்த இடத்தில்தான் அதிகம் வருகிறது. நாள் கடத்தாமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டு வைத்தியர் அனுப்பிய பிள்ளை என்று தெரிந்ததும் பெற்றோரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய அம்மா அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வரமாட்டார்.

வைத்தியர்களே, நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்கினால் நான் உங்கள் இடத்துக்கே வருகிறேன். விரல் பரிசோதனையைச் செய்து காட்டுகிறேன், சந்தேகங்களைப் பேசலாம். கட்டிய பிறகு கவனிக்கவேண்டியதைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரு துண்டுச் சீட்டாக அச்சடித்துத் தரும் செலவு என்னுடையது. ஒவ்வொரு கட்டோடும் அதைக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்