மஞ்சள் டப்பாவும் உன் படபடப்பும்

குடியாத்தம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குமரனுக்கு,

போனில் பேசினால் "சரி நைனா, சரி நைனா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய பார்சலில் மஞ்சள் மாத்திரை டப்பா ஒன்று இருந்ததே, மூட்டு வலிக்கு நல்லது என்று. டொரொன்டோவிலிருந்து குடியாத்தத்துக்கு மஞ்சளா என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தினமும் இரண்டு விழுங்கினேன். மூன்றாவது வாரம் பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. கதவில் லேசாக இடித்துக்கொண்ட முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

என் நெஞ்சில் இருப்பது உலோக வால்வு, அதில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான் வார்ஃபரின். மாதா மாதம் வேலூருக்குப் பஸ் ஏறிப் பார்த்து வரும் ஐ.என்.ஆர். (ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் எண்) எனக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். அன்று 6-ஐத் தாண்டியிருந்தது. "புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். என் கணக்கில் அது மருந்தே இல்லையே! அவர் விடவில்லை. கீரையா, நாட்டு மருந்தா, சத்து மாத்திரையா என்று தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் டப்பா வெளியே வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு லேபிளைப் படிக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்ததில் மஞ்சளின் சத்தான குர்குமினோடு மிளகுச் சத்தும் இருந்தது.

குழம்பில் போடும் மஞ்சள் பெரும்பாலும் உடம்பில் ஒட்டாமலே போய்விடுமாம். அதைக் காய்ச்சிச் சுருக்கி, மிளகுச் சத்தையும் சேர்த்தால் பல மடங்கு ரத்தத்தில் ஏறி, வார்ஃபரினின் வேகத்தையும் கூட்டிவிடுமாம். நியூசிலாந்தில் இப்படி ஒருவருக்கு ஐ.என்.ஆர். 10-க்கு மேல் போய், 2018-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. எனக்கு இரண்டு நாள் வார்ஃபரினை நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்த்து, ஒருவழியாகச் சரியானது.

இப்போது உன் கதை. அக்கா எல்லாம் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. ஜிம்முக்குப் போகும்முன் உற்சாகத்துக்கு அந்தப் பவுடர், ராத்திரி தூக்கத்துக்குக் கஞ்சா மிட்டாய். போன மாதம் ஒன்று தின்று ஒரு மணி நேரம் பார்த்தும் ஏறவில்லையென்று இன்னொன்று தின்றிருக்கிறாய். நடுராத்திரி நெஞ்சு தடதடவென்று அடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம்.

கஞ்சா என்றதும் நான் அலறவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் அந்த வாடை தெரியாதவன் யார்? எனக்குக் கவலை இதயம்தான். புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறுவது, தின்றால் ஒரு மணி, இரண்டு மணி கழித்துத்தான் ஏறும். அதற்குள் இரண்டாவதும் உள்ளே போய்விடுகிறது. எப்படி உள்ளே போனாலும் நாடித் துடிப்பு எகிறும். அந்தப் பவுடரில் இருக்கும் காஃபினும் அதே வேலையைத்தான் செய்யும். ஒரு கரண்டியில் மூன்று டம்ளர் காப்பி அளவுக்குக்கூட இருக்கும், லேபிளைப் பார்.

தோல் ஷெட்டில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன், எண்ணைப் பார்க்காமல் விடுவேனா? மாரடைப்பு வந்து பிழைத்த 3,882 பேரிடம் அமெரிக்காவில் விசாரித்து 2001-இல் எழுதியிருக்கிறார்கள்: கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆபத்து 4.8 மடங்கு. 2024-இல் வந்தது நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு. தினமும் எடுப்பவர்களிடம் மாரடைப்பு 25 சதவீதம், பக்கவாதம் 42 சதவீதம் அதிகம். இரண்டாவது வெறும் சர்வேதான், கஞ்சாவேதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். "நான் புகைக்கிறதில்லையே நைனா" என்று சொல்வாய், அதுவும் தெரியும். ஆனால் உன் தாத்தா 49 வயதில் பேரணாம்பட்டுச் சந்தையில் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே போனவர். உனக்கு இப்போது 36.

அங்கே கனடாவில் 2018 அக்டோபரிலிருந்தே கஞ்சாவைச் சட்டம் அனுமதித்துவிட்டது. டாக்டரிடம் சொல்ல என்ன பயம்? இந்த வாரமே போ. பவுடர், மீன் எண்ணெய், மிட்டாய், எல்லா டப்பாவையும் நான் கொடுத்தனுப்பிய மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் மேஜைமேல் கொட்டு. ஈ.சி.ஜி., பிரஷர், கொழுப்பு மூன்றும் பார்க்கச் சொல். தாத்தா கதையையும் சொல். அதுவரை அந்தப் பவுடரும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம். நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றி விழுந்தாலோ அக்காவுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காதே, அவசரத்துக்கு 911-ஐக் கூப்பிடு.

பொங்கலுக்கு வரும்போது அந்த மிட்டாய் ஒன்றுகூடப் பெட்டியில் தங்கக்கூடாது. இங்கே 1985 போதைப்பொருள் சட்டம், உள்ளே தள்ளிவிடுவார்கள்.

அம்மாவிடம் படபடப்பு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை நேரில் வந்து நீயே சொல்லிக்கொள். மீந்துபோன மாத்திரைகளைப் பிரித்து மீன் குழம்பில் கொட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். டப்பாவை நான் ஒளித்துவைத்திருக்கிறேன்.

நைனா