‘நிலைதடுமாறி’ன்னு எழுதாதீங்க அய்யா

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல உள்பக்கத்துல ஓரமா ஒரு சின்ன நியூஸ். பைக்ல போன வாலிபர் நிலைதடுமாறி பள்ளத்தில் விழுந்து பலி, போலீசார் விசாரிக்கின்றனர், அவ்ளோதான் நாலு வரி. டீ குடிச்சுக்கிட்டே படிச்சவன் டம்ளரை அப்படியே கீழ வெச்சுட்டேன். 2024 ஐப்பசில எங்க வீட்டு சாவுக்கும் இதே நாலு வரிதான் வந்துச்சு, ஊர் பேரும் வயசும் மட்டும்தான் வேற.

போனது என் தங்கச்சி வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் மாப்ள. வயசு 34, மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருந்தார், ரெண்டு சின்னப் பிள்ளைங்க, கூட அவங்க அம்மா. ராத்திரி கடையை சாத்திட்டு வர்றார், மழை, தெரு லைட் எரியல, பைப் பதிக்க தோண்டின குழி ரோட்டுல பாதி வரைக்கும் வந்திருக்கு, அதுல தண்ணி ரொம்பி ரோடு மட்டத்துக்கு நிக்குது, எது குழி எது ரோடுன்னு பகல்ல பாத்தாலே தெரியாது. தடுப்பு இல்ல, சிவப்பு லைட் இல்ல, ஒரு வேப்பங்கொப்பை ஒடிச்சு நட்டு வெக்கக்கூட ஆள் இல்ல. இதுல அவர் எங்கய்யா நிலைதடுமாறினார்?

மறுநாள் காலைல நாங்க ஜிஎச் மார்ச்சுவரி வாசல்ல நிக்கிறோம், அதே நேரத்துல அங்க குழியைச் சுத்தி சிவப்பு வெள்ளை அடிச்ச டிரம்மு, பளபளன்னு ஸ்டிக்கரு, மணல் மூட்டை எல்லாம் வந்து எறங்கிடுச்சு. பத்து மணிக்கு போய் போட்டோ எடுத்தவன் எல்லாம் ஒழுங்காத்தானே இருந்திருக்குன்னுதான் சொல்லுவான். எதிர்த்த டீக்கடைப் பையன் ராத்திரியே போன்ல ரெண்டு போட்டோ ஒரு வீடியோ எடுத்து வெச்சிருந்தான், இன்னிக்கு எங்க கேஸ்ல முக்கால்வாசி அதுதான். அதுக்கும் ஒரு சங்கதி இருக்கு, வாட்ஸப்ல வந்த காப்பியை மட்டும் வெச்சுக்கிட்டு பிரயோஜனம் கம்மி, எந்த போன்ல எடுத்தது, யார் எடுத்ததுன்னு புது சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவுல சர்டிபிகேட் குடுக்கணும், அதனால போனை வித்துடாதடான்னு அந்தப் பையன்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கோம்.

நாங்க ஏமாந்தது ஸ்டேஷன்ல. அழுதுக்கிட்டு இருந்த நேரம், எங்க பெரியப்பாதான் போனார், புகாரை ஸ்டேஷன்லயே எழுதிட்டாங்க, பெரியப்பா கண்ணாடி கூட எடுத்துட்டுப் போகல, காட்டின இடத்துல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டார். எஃப்ஐஆர் காப்பி கைக்கு வந்தப்புறம் பாத்தா ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று தானாக விழுந்து’ன்னு இருக்கு. அதாவது செத்தவர் மேலயே கேஸ், குற்றவாளியும் அவரே பலியானவரும் அவரே, ஆள்தான் இல்லையே அதனால கேஸ் குளோஸ். குழி தோண்டின கான்ட்ராக்டர் பேரு அந்தப் பேப்பர்ல எந்த மூலைலயும் இல்ல.

அய்யா, இதை படிக்கிறவங்க தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க, புகாரை நீங்களே வீட்ல உக்காந்து எழுதி எடுத்துட்டுப் போங்க, குழி இருந்துச்சு, தடுப்பு இல்ல, லைட் இல்ல, வேலை எடுத்தவங்களும் மேற்பார்வை பாத்த அதிகாரிங்களும்தான் பொறுப்புன்னு அதுல இருக்கணும். கவனக்குறைவால சாவு உண்டாக்கினா முன்னாடி ஐபிசி 304ஏ, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டம் பிஎன்எஸ்ல 106ஆவது பிரிவு, அஞ்சு வருஷம் வரைக்கும். புகார் குடுத்தவங்களுக்கு எஃப்ஐஆர் காப்பி சும்மாவே குடுக்கணும், அது சட்டம். ஸ்டேஷன்ல வாங்கலைன்னா எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால், அதுக்கும் அசையலைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு. நாங்க அப்படித்தான் எஸ்பி ஆபீஸ்க்கு என் தங்கச்சி பேர்ல இன்னொரு புகார் அனுப்பி, போட்டோவும் வெச்சு, நாலு மாசம் அலைஞ்சு பிரிவை ஆல்ட்ரேஷன் பண்ண வெச்சோம். சிலருக்கு ஆர்சிஎஸ் நோட்டீஸ்னு ஒண்ணு வீட்டுக்கு வரும், கேஸை முடிச்சுட்டோம்னு அர்த்தம், அதை வாங்கி பீரோல வெச்சுடாதீங்க, எனக்கு ஒப்புதல் இல்லைன்னு மாஜிஸ்திரேட்கிட்ட ஆட்சேபணை மனு போடலாம்.

பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு வந்தாங்க பாருங்க ரெண்டு பேரு. வெள்ளை வேட்டி சட்டை, ஊர்ல தெரிஞ்ச முகம் ஒருத்தர் கூட. கான்ட்ராக்டர் ரொம்ப வருத்தப்பட்டார், பிள்ளைங்க படிப்புக்குன்னு சொல்லி ஒரு கவர், உள்ள ஒரு லட்சம், கூடவே 20 ரூபா பத்திரத்துல டைப் அடிச்ச பேப்பர். சாப்பாட்டு இலை இன்னும் எடுக்கல, மாப்ள அம்மா மூலைல உக்காந்திருக்கு, என் தங்கச்சி அந்தப் பேப்பரை வாங்கி மெதுவா படிச்சுட்டு, அண்ணே இதுல ‘எங்களுக்கு வேறு எந்த பாத்தியதையும் இல்லை’ன்னு இருக்கே அப்டின்னா என்னன்னு கேட்டுச்சு. இனிமே எதுவும் கேக்க மாட்டோம்னு அர்த்தம்னு அப்ப எனக்கும் தெரியல. தெரியாததாலதான் கையெழுத்து வேணாம்னு சொன்னேன், பெரிய அறிவாளித்தனம் ஒண்ணுமில்ல. சொந்தத்துலயே ரெண்டு பேரு வர்ற லட்சுமியை வேணாங்கிறீங்களேன்னு திட்டிட்டுப் போனாங்க.

அந்த ஒரு லட்சம் எவ்ளோ கம்மின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழுன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, போன் 15100, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் வக்கீல் இலவசம், இது எங்க ஊர்ல நூத்துல பத்து பேருக்குக் கூட தெரியாதுன்னு நெனைக்கிறேன். அங்க குடுத்த வக்கீல் மேடம் ஒரு துண்டுச்சீட்டுல கணக்கு போட்டுக் காட்டினாங்க. ரோடு ஆக்சிடென்ட் கேஸ்களுக்கு சுப்ரீம் கோர்ட் 2009லயும் 2017லயும் சொன்ன கணக்கு, மத்த சாவு கேஸ்லயும் கோர்ட்டுங்க அதையே அளவுகோலா எடுத்துக்குறது உண்டாம். கடைக்கு கணக்கு நோட்டு கிடையாது, சரி மாசம் 15,000னே வெச்சுக்கோங்க, 40 வயசுக்குள்ள சொந்தத் தொழில்னா பின்னாடி வருமானம் கூடும்னு 40 சதவீதம் சேர்த்து 21,000, நம்பி இருக்கிறவங்க நாலு பேருங்கிறதால அவர் சொந்த செலவுக்கு கால் பங்கு கழிச்சா 15,750, வருஷத்துக்கு 1,89,000, எத்தனை வருஷ வருமானம்னு வயசை வெச்சு கோர்ட் பெருக்குற எண் ஒண்ணு இருக்கு, அவர் வயசுக்கு அது 16, மொத்தம் 30,24,000. ஈமச்செலவு மாதிரி சில்லறை இனமெல்லாம் தனி. என் தங்கச்சி அந்தச் சீட்டை மடிச்சு பர்ஸ்ல வெச்சிருக்கு. கோர்ட் இவ்ளோவும் குடுக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல, ஹெல்மெட் போடல, வேகமா வந்தார்னு சொல்லி அவர் பங்குக்குன்னு கொறைக்கப் பாப்பாங்க, ஆனா பேச்சு எங்கேருந்து ஆரம்பிக்கணும்னாவது தெரிஞ்சுதே.

எங்க போறதுன்னா, இதுல பல வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கெடு வேற வேற, அங்கதான் சனங்க கோட்டை விடுறாங்க. இன்னொரு வண்டி மோதி செத்தா எம்ஏசிடின்னு சொல்ற மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட், 2022 ஏப்ரல்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போடணும்னு சட்டத்துல இருக்கு. எங்களுது மாதிரி குழி, சுவர், பேனர்னா 1855ல வெள்ளைக்காரன் போட்ட மரண விபத்துச் சட்டம் ஒண்ணு இன்னும் உசுரோட இருக்கு, சிவில் கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம், மனைவி, கணவன், பெத்தவங்க, பிள்ளைங்களுக்காக, செத்த தேதில இருந்து ரெண்டு வருஷம், அரசாங்கத்து மேலன்னா முன்னாடியே ரெண்டு மாச நோட்டீஸ் குடுக்கணும், அதையும் அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள திட்டம் போட்டுக்கணும். கோர்ட் பீஸ் கட்ட வழியில்லைன்னா வறியவர்னு மனு போட்டு கட்டாமலே கேஸ் நடத்தலாம். தப்பு பட்டவர்த்தனமா தெரிஞ்சா ஹைகோர்ட்ல நேரா ரிட், 2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு செத்துச்சே அதுல ஹைகோர்ட் 5 லட்சம் இடைக்கால நிவாரணம் குடுக்கச் சொன்னுச்சு, ஆனா நடந்ததே வேறன்னு எதிர்த்தரப்பு சண்டை போட்டா சிவில் கோர்ட்டுக்குப் போன்னு சொல்லிடவும் கூடும். அதனாலதான் அந்த முதல் எஃப்ஐஆர் வரி எங்களுக்கு இவ்ளோ உறுத்துது.

ஆஸ்பத்திரி சாவு தனிக் கதை. காசு வாங்குற ஆஸ்பத்திரின்னா நுகர்வோர் கமிஷன், அங்கயும் ரெண்டு வருஷம். டாக்டர் மேல கிரிமினல் கேஸ்னா 2005 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி கவனக்குறைவு ரொம்ப மோசமா இருந்துச்சுன்னு வேற டாக்டர் கருத்து வேணும், சாதாரண தப்பு பத்தாது.

இன்னொண்ணு, இது எங்களுக்கே ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. பைக் இன்சூரன்ஸ்லயே ஓனர் ஓட்டிட்டுப் போய் செத்தா 15 லட்சம்னு பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கும், லைசென்ஸ் சரியா இருக்கணும், பாலிசி எடுக்குறப்ப சில நூறு ரூபா மிச்சம் பண்றேன்னு அதை வெட்டாம இருந்திருக்கணும், அவ்ளோதான். யார் மேல தப்புன்னே இதுல கேள்வி இல்ல, நாசமாப்போன அந்த எஃப்ஐஆர் எங்களுக்கு கெடுதல் பண்ணாத ஒரே எடம் இதுதான். பாலிசிப் பேப்பர் கடைல காயில் கம்பி வெக்கிற டப்பால இருந்துச்சு, மாப்ள கையெழுத்துல மேல ‘வண்டி’ன்னு எழுதி. அந்தப் பணம் வந்து பிள்ளைங்க பேர்ல போட்டாச்சு.

இதெல்லாம் எங்க ஒரு வீட்டுக் கதைன்னு நெனைக்காதீங்க. 2013ல இருந்து 2017 வரைக்கும் ரோட்டுக் குழியால மட்டும் 14,926 பேர் செத்திருக்காங்கன்னு கணக்கு வந்து 2018ல சுப்ரீம் கோர்ட்டே கோவப்பட்டுச்சு. 2019ல மோட்டார் வாகன சட்டத்தை திருத்தினப்ப ரோடு போடுறதுல தப்பு பண்ணி சாவு வந்தா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு 198ஏங்கிற பிரிவைச் சேர்த்தாங்க, அந்த ஒரு லட்சமும் அரசாங்கத்தோட மோட்டார் வாகன விபத்து நிதிக்குத்தான் போகும், குடும்பத்துக்கு இல்ல. 2025 அக்டோபர்ல பாம்பே ஹைகோர்ட் குழிலயோ தொறந்து கெடக்குற மேன்ஹோல்லயோ விழுந்து செத்தா குடும்பத்துக்கு 6 லட்சம், காயம்னா 50,000 முதல் ரெண்டரை லட்சம் குடுக்கணும்னு சொல்லியிருக்கு. நம்ம ஊர்லயும் அப்படி ஒண்ணு வந்தா, கேஸ் முடியுற வரைக்கும் பொழைக்கவாவது வழி இருக்கும்.

1951ல டெல்லி சாந்தினி சவுக்ல நகராட்சி மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்து ஆள் செத்தாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்சது 1966ல. நல்லா இருந்தா மணிக்கூண்டு தானா விழாது, விழுந்ததே அலட்சியத்துக்கு சாட்சின்னு ஏத்துக்கிட்டாங்க. மேடம் இதைச் சொன்னப்ப என் தங்கச்சி கேட்டது, பதினஞ்சு வருஷமா அண்ணேன்னுதான். பெரியவனுக்கு அப்ப 22 வயசு ஆயிடும்.

அதனால அய்யா, எங்க சிவில் கேஸ்ல எதிர்த்தரப்பு தாக்கல் பண்ணின பேப்பர்ல மாப்ள சாவுக்கு அப்ப வந்த உங்க நியூஸ் கட்டிங்கும் ஒண்ணா இருக்கு, ‘நிலைதடுமாறி’க்கு அடில சிவப்புல கோடு போட்டு. எழுதின நிருபர் தம்பி மேல கோவம் இல்ல, ஸ்டேஷன்ல சொன்னதை எழுதியிருப்பார். அடுத்த தடவை இந்த மாதிரி நியூஸ் வந்தா ஸ்டேஷனுக்கு மட்டும் போன் போடாம அங்க தடுப்பு இருந்துச்சா, வேலை எடுத்தது யாருன்னு பக்கத்து டீக்கடைல ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பல வருஷமா நம்ம பேப்பர் வாங்குற ஒரு வாசகன்