எக்ஸ்ரே, ஸ்கேன் அறைகளையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைத் தொற்று என்றாலே ஆபரேஷன் தியேட்டரையும் ஐசியுவையும்தான் நினைக்கிறோம். எல்லா வார்டு நோயாளிகளும் வந்து போகிற எக்ஸ்ரே, ஸ்கேன் அறைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ரேடியோகிராபராக வேலை பார்க்கும் எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

கதிர்வீச்சு விஷயத்தில் கண்டிப்பு இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி எங்கள் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் அணிகிறோம். கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, ஸ்கேனுக்கு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்புகிறோம். ஆய்வுக்கு வருபவர்கள் இதையெல்லாம் கேட்கிறார்கள். புரோபை, அதாவது ஸ்கேன் எடுக்க உடலில் வைக்கும் கருவியை, எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை.

போர்ட்டபிள் எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசியு நோயாளியின் முதுகுக்கு அடியில், படம் பதிவாகும் தட்டான கேசட்டைச் செருகுகிறோம். வெளியே எடுக்கும்போது வியர்வை இருக்கும், சில நேரம் ரத்தமும் இருக்கும். அடுத்து அது பக்கத்துப் படுக்கைக்குப் போகிறது. ஆளுக்கொரு பாலித்தீன் உறை போட்டு, கேசட்டைத் துடைத்தால் தீர்ந்தது. உறை தீர்ந்துபோன நாளில்தான் சிக்கல். கையுறையும் அப்படித்தான்: நோயாளியைத் தொட்ட அதே கையுறையோடு மிஷின் பட்டனை அழுத்தினால் அது போட்டிருப்பவரை மட்டுமே காக்கும்.

உடலுக்குள் வைத்துப் பார்க்கும் புரோபுக்கு ஆணுறை மாட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம். சளிச்சவ்வைத் தொடும் கருவி என்பதால், உறை போட்டாலும் ஒவ்வொருவருக்குப் பிறகும் அதைக் கிட்டத்தட்ட எல்லாக் கிருமிகளையும் கொல்லும் உயர்நிலைக் கிருமிநீக்கம் செய்தே ஆக வேண்டும். ஸ்கேனுக்குத் தோலில் தடவும் ஜெல்லைப் பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் மேலே மேலே ஊற்றி நிரப்புவதும் ஆபத்து. 2012-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஜெல்லிலேயே சூடோமோனாஸ் கிருமி இருந்து நோயாளிகளுக்குத் தொற்றியது.

ஊழியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொரோனா காலத்தில் ஒவ்வொரு சிடி ஸ்கேனுக்குப் பிறகும் மேசையைத் துடைத்தோம். அப்போது பொருளும் இருந்தது, நேரமும் கொடுத்தார்கள். இப்போது வெளியே வரிசை நிற்கிறது, "சீக்கிரம்" என்கிறார்கள்.

வேலையில் சேரும்போதே கிருமித் தடுப்புப் பயிற்சியும், மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் கட்டாயமாகட்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை ஆய்வுப் படிவத்தில் புரோப், கேசட், ஜெல் மூன்றையும் பற்றிக் கேள்விகள் சேர்க்க வேண்டும்.

– ரேடியோகிராபர், மதுரை