அந்த நான்காம் பக்கத்தைத் திருத்துங்கள்: திருமண ஆயத்த வகுப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் என் தங்கையும் அவளுக்கு நிச்சயித்த பையனும் நம் சபையில் நீங்கள் நடத்தும் திருமண ஆயத்த வகுப்புக்கு வந்தார்கள். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கையேட்டின் நான்காம் பக்கத்தில் ‘ஹெல்ப்மீட்’ என்று ஒரு பழைய ஆங்கிலச் சொல்லைப் போட்டு, மனைவி என்பவள் கணவனுக்கு உதவியாள் என்று பொருள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தங்கை நர்ஸ். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வகுப்புக்கு வந்து, நீங்கள் சொன்னதை நோட்டில் எழுதி, ‘உதவியாள்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். ஆராதனையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பான ஓலை இரண்டாம் முறை வாசிப்பதற்குள் பையன் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது, வேலையை எப்போது விடப் போகிறாள் என்று. வகுப்பிலேயே சொல்லிவிட்டார்களே, உதவியாளுக்குத் தனி வேலை எதற்கு என்கிறார் அவன் அம்மா. படிப்புக் கடனே இன்னும் முடியவில்லை. அன்று ராத்திரி யூனிஃபார்மை மடித்துக்கொண்டே, “அக்கா, பைபிள்லயே அப்படித்தான் இருக்கா?” என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை, அதனால் தேடிப் படித்தேன்.

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் ‘ஹெல்ப்மீட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. ஆதாமுக்குத் துணையை உண்டாக்குவேன் என்று கடவுள் சொல்லும் ஆதியாகமம் 2:18-இல் ‘ஆன் ஹெல்ப் மீட் ஃபார் ஹிம்’ என்று தனித்தனியாக இருக்கிறது. ‘மீட்’ என்றால் அந்தக் கால ஆங்கிலத்தில் ஏற்ற, பொருத்தமான என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே சொல்லாகப் படித்து ஒட்டிவிட்டார்கள், அதன் சாயலில் ‘ஹெல்ப்மேட்’டும் வந்தது. நம் தமிழ் வேதாகமத்தில் அந்தக் குழப்பமே இல்லை, ‘ஏற்ற துணை’ என்று தெளிவாக இருக்கிறது. கையில் இருந்த நல்ல தமிழை விட்டுவிட்டு, ஒட்டுப்போட்ட ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து அதற்கு உதவியாள் என்று ஏன் பொருள் சொல்ல வேண்டும்?

மூல மொழியான எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஏசெர் கெநெக்தோ’, அவனுக்கு எதிரே, அவனுக்கு இணையாக நிற்கும் உதவி. ‘ஏசெர்’ என்பது பழைய ஏற்பாட்டில் அதிகமும் கடவுளைக் குறித்தே வருகிறது. 33-ஆம் சங்கீதத்தில் ‘அவரே நமக்குத் துணையும் நமக்குக் கேடகமுமானவர்’ என்று படிக்கிறோமே, அந்தத் துணையும் இதே சொல்தான். 121-ஆம் சங்கீதத்தின் ‘ஒத்தாசை’யும் இதுதான். எபெனேசர் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம், அதற்குள்ளும் இதே ஏசெர் இருக்கிறது. கர்த்தர் நமக்கு உதவியாள் என்று எந்தப் பிரசங்கத்திலாவது சொல்வீர்களா? பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ‘முருகன் துணை’ என்று போட்டிருந்தால்கூட, துணை என்பவர் கீழே நிற்பவர் என்று யாரும் படிப்பதில்லை. பெண்ணைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சொல் ஏன் இறங்கிப் போகிறது?

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள், ஆனால் கணக்குக் கேட்கும் கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி கடைசி வரிசையில். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம், அது எங்கள் தப்பும்தான். ஆனால் கல்யாணம் ஆகப்போகிற ஒரு பெண்ணிடம், இதுதான் தேவன் உனக்கு வைத்த இடம் என்று அச்சடித்துக் கொடுக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

சரி, கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்திருக்கலாம். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிட்டு, நம் வேதாகமத்தில் உள்ளபடி ‘ஏற்ற துணை’ என்றே போடுங்கள். ஏற்கெனவே வகுப்பு முடித்துப் போன ஜோடிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

தங்கைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்கு முன்னால் உங்களில் ஒருவராவது பையன் வீட்டுக்குப் போய், நாங்கள் சொன்னது தவறு என்று அவன் அம்மாவிடம் சொன்னால் பெரிய உபகாரமாக இருக்கும். நான் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா